குடியும் கஷ்டமும் உள்ள வீடுகளுக்கு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் தமிழில் ஆராதனை நடத்தும் ஒரு சிறிய சபையின் உதவிக் குழு நாங்கள். லிங்கராஜபுரம், முர்பி டவுன், டேனரி ரோடு, அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களே பெரும்பாலும் எங்களிடம் வருகின்றன. ஆட்டோ ஓட்டுபவர்கள், பெயிண்டர்கள், சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர்கள், கார்மெண்ட்ஸ் பெண்கள், வீட்டு வேலை செய்யும் அக்காமார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

வீட்டுக்கு வந்து பேசுவோம். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவோம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை வாரந்தோறும் பார்ப்போம். குடிப்பவரின் மனைவி, அம்மா, பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் வைத்திருக்கிறோம். அரிசி, ஸ்கூல் பீஸ், ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் போன்றவற்றில் கைகொடுப்போம். எங்களிடம் வார்டு கிடையாது, படுக்கை கிடையாது. மாத்திரை எதுவும் கொடுக்கமாட்டோம். டாக்டர் பார்க்க வேண்டிய வேலையை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இந்துக்கள். உதவி வாங்கினால் சர்ச்சுக்கு வரச் சொல்வீர்களா?

சொல்லமாட்டோம். அரிசிப் பையோடு கைப்பிரதி வைப்பதில்லை. "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்போம்; வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுவோம். நீங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவராக இருந்தாலும், தர்காவுக்குப் போகிறவராக இருந்தாலும், எந்தச் சாமியையும் நம்பாதவராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரும் துணையில் வித்தியாசம் இருக்காது. பசியோடு இருப்பவரிடமும் கை நடுங்கிக்கொண்டு இருப்பவரிடமும் மதம் பேசுவது அவருடைய கஷ்டத்தில் ஆதாயம் தேடுவதாகும். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனிடம் அந்தச் சமாரியன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் வேலைக்கு அந்த வரிசையே போதும்.

என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்கிறார். நான் மட்டும் வரலாமா?

வாருங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

குடிப்பவர் மனம் மாறி வரும்வரை வீட்டில் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் காத்திருந்தே பத்து வருஷம், பதினைந்து வருஷம் போய்விடுகிறது. எங்களிடம் முதலில் வருவது பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் அம்மா. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்து, "அவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு, சீக்கிரம் போகணும்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் எழுந்திருக்கமாட்டார்கள். இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஒரு இடம் கிடைப்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

வீட்டார் வருவதால் என்ன பயன்? வீட்டுக்குள் நடப்பது மாறுகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாதவருக்காக மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துகிறார்கள். கடன்காரனுக்குத் தங்கள் சம்பளத்தை எடுத்துக் கொடுப்பதை நிறுத்துகிறார்கள். ராத்திரி போதையில் இருப்பவரிடம் வாதாடுவதை விட்டு, காலையில் தெளிந்திருக்கும்போது இரண்டே வாக்கியம் பேசப் பழகுகிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மூடி மூடி வைத்த வீட்டில், குடித்தவருக்கு அதன் பலன் முழுசாகத் தெரிவதே இல்லை. அது அவர் கண்ணில் பட ஆரம்பிக்கும்போது சிலர் தாங்களே "சரி, எங்கே போகணும்?" என்று கேட்கிறார்கள். எல்லாரும் கேட்பதில்லை. அவர் கேட்காவிட்டாலும் உங்களுக்குத் தூக்கமும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் வேண்டும். அவர் திருந்தினால்தான் உங்களுக்கு உதவி என்று நாங்கள் நிபந்தனை வைப்பதில்லை.

நாளை காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிடட்டுமா?

தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால், தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

காலையில் டீக்கடையில் சிலரைப் பார்த்திருப்பீர்கள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து வாயை அதனிடம் கொண்டுபோவார்கள், கையில் தூக்கினால் சிந்திவிடும் என்பதால். ஒரு தொண்ணூறு மில்லி சரக்கு உள்ளே போனதும் அந்தக் கை நின்றுவிடும். உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளம் அது. அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று மது நின்றால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள் கழிந்து சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார், யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்பார், தன் வீட்டையே அடையாளம் தெரியாமல் எழுந்து ஓடப் பார்ப்பார், காய்ச்சலும் ஏறும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடும்.

நம் ஜனங்கள் இதைப் பார்த்ததும் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். சபைக்காரர்களில்கூட அசுத்த ஆவி என்று சொல்லி, கையைக் காலைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஜெபிப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெபியுங்கள், ஆனால் 108 ஆம்புலன்சில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.

இன்னொன்று. பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயாமின், வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "இவர் தினமும் குடிப்பவர், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்." மருத்துவ மேற்பார்வையில் நிறுத்தும்போது, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயாமின் ஊசியும் போடுவார்கள். அந்த ஒரு வாரத்தை இப்படித்தான் பாதுகாப்பாகக் கடக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பாஸ்டர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இதுவும் உடம்பில் வந்த நோய்தான். ஆண்டவர் ஒரே நாளில் விடுதலை கொடுத்த மனிதர்கள் உண்டு, நாங்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு அப்படி நடந்தது என்பதற்காக இன்னொருவருடைய மாத்திரையைப் பிடுங்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் கிடையாது. எங்கள் குழுவில் யாராவது அப்படிச் சொன்னால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

நிம்ஹான்ஸ் போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடாதா?

இந்தப் பயம் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஓசூர் ரோட்டில் உள்ள அந்த இடம் பழைய மனநல ஆஸ்பத்திரியாக இருந்தது. 1974-ல்தான் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாக ஆனது. அங்கே நரம்பு வியாதிக்கு, தலைக்காயத்துக்கு, வலிப்புக்கு என்று தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள். குடிக்கும் போதைக்கும் தனியாக ஒரு மையமே உண்டு. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து ரயிலேறி இங்கே வருகிறார்கள். நமக்கோ ஒரு பிஎம்டிசி பஸ் தூரம்.

போனால் என்ன நடக்கும்? புறநோயாளிப் பிரிவில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். கூட்டம் இருக்கும், அரை நாள் போகும். எவ்வளவு, எத்தனை வருஷமாக, எப்போது முதல் கிளாஸ் என்றெல்லாம் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை இருக்கும். எல்லாரையும் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்; பலருக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை போதும். தமிழில் பேசினால் புரிந்துகொள்ள ஆள் இருப்பார்கள், அந்தக் கவலை வேண்டாம். வீட்டார் ஒருவர் கூடவே இருந்தால் நல்லது. பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான) கார்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், கட்டணச் சலுகை உண்டு.

2019-ல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒன்று, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது சிகிச்சை பெறுகிறார் என்கிறது. மற்ற 37 பேரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பேருக்கு அஞ்சி அந்தக் கணக்கில் சேராதீர்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446.

ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடுவதே இல்லை. கழற்றிய அன்றைக்கே குடிக்கிறார். அப்படியானால் இது நோயா, திமிரா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. கிறிஸ்தவ வீடுகளில் லெந்து நாற்பது நாள் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறுத்துவது ஒரு காரியம், நிறுத்தியபடியே இருப்பது வேறு காரியம். மாலை போட்ட நாட்களில் அந்த மனிதருக்கு என்னவெல்லாம் கிடைக்கிறது என்று பாருங்கள். விடிகாலைக் குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலம் பஜனை. குடிக்கக் கூப்பிடும் சேக்காளிகள்கூட அவரை "சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மனைவி, பிள்ளைகள் மரியாதையாகப் பேசுகிறார்கள். கூடவே நாலு பேர் அதே விரதத்தில் இருக்கிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மறுபடி அதே ஆட்டோ ஸ்டாண்ட், அதே சேக்காளிகள், சனிக்கிழமை பட்டுவாடா, தெருமுனை ஒயின் ஷாப். மூளையில் பதிந்த ஆசை மட்டும் எங்கும் போகாமல் இருக்கிறது.

ஆகவே திமிர் என்று முத்திரை குத்துவதால் ஒன்றும் நடக்காது. அந்த நாற்பத்தொரு நாளும் அவரைத் தாங்கியது எதுவோ அதை நாற்பத்திரண்டாம் நாளும் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதே எங்கள் வேலையின் பெரும்பகுதி. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நேரத்துக்கு எங்கள் ஆள் ஒருவர் சைட் வாசலில் நிற்பார். இருவரும் டீ குடித்துவிட்டு, பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பிரிவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறுமையாக இருக்கும் என்பதால் அன்றைக்கு மைதானத்தில் வாலிபால் உண்டு. பார்ப்பதற்குச் சின்னக் காரியங்கள். எங்கள் அனுபவத்தில் மனிதர்கள் விழுவது இந்தச் சின்ன இடைவெளிகளில்தான், அதனால் இவற்றை விட்டுக்கொடுக்கமாட்டோம்.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலர் மெடிக்கலில் டைசல்பிராம் மாத்திரை வாங்கிப் பொடித்துக் கலக்கிறார்கள். அது உண்மையான மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இருதயக் கோளாறு உள்ளவர் இறந்தேபோகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடம்பில் இருக்கும். அதனால் ஈரலையும் இருதயத்தையும் பரிசோதித்து, அவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் டாக்டர்கள் கொடுப்பார்கள். தெரிந்து சாப்பிடுபவரும் இருமல் டானிக், அரிஷ்டம் போன்ற ஆல்கஹால் கலந்தவற்றில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் சர்ச்சில் கொடுக்கும் திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்கலாமா?

எங்கள் சபையில் புளிக்காத திராட்சைச் சாறுதான். 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் வைத்தியர், திருவிருந்துக்கென்றே திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காய்ச்சிப் பதப்படுத்தினார். அதிலிருந்து பல சபைகள் இப்படி மாறின. உங்கள் சபையில் ஒயின் பரிமாறினால் போதகரிடம் முன்கூட்டியே சொல்லி அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஒரு தனியார் சென்டரில் ஆளை வீட்டுக்கே வந்து தூக்கிப் போய்விடுவார்களாம். சேர்க்கலாமா?

நல்ல சென்டர்கள் இருக்கின்றன. ஆளை அடித்து, அறையில் பூட்டி, மாதாமாதம் பணம் கறக்கும் இடங்களும் இருக்கின்றன. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. அதன்படி இத்தகைய நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். நோயாளியை எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியில் கட்டக் கூடாது. அவர் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமென்றாலும் அதற்கு மருத்துவ மதிப்பீடும் சட்டம் சொல்லும் நடைமுறையும் உண்டு. நாலு தடியர்களை அனுப்பித் தூக்குவது அந்த நடைமுறை கிடையாது.

போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர், வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். "மூன்று மாதம் பார்க்கவே கூடாது, மொத்தப் பணமும் இப்போதே கட்டுங்கள்" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஜெப வீடு என்ற பெயரில் நடக்கும் இடங்களுக்கும் இதே கேள்விகள்தான்.

ஏன் ஏழைகளையே பிடித்துக்கொண்டு குடியைப் பற்றிப் பேசுகிறீர்கள்? பணக்காரர்கள் குடிப்பதில்லையா?

குடிக்கிறார்கள். அவர்களுக்கு விழுந்தால் தாங்க வீடு இருக்கிறது, லீவு இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. தினக்கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் படுத்தாலே அடுப்பு எரியாது. அதோடு, ஏழைக்கு விற்கப்பட்ட சரக்கே இந்த ஊரில் பலமுறை விஷமாக இருந்திருக்கிறது. 1981 ஜூலையில் பெங்களூரில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்து முன்னூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். 2007 ஜூலையில் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. அடுத்த வருஷம் மே மாதம் கள்ளச்சாராயத்தால் பெங்களூரு, கோலார், எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இப்போது சட்டப்படி விற்கும் மலிவு விஸ்கி சின்ன அட்டைப் பாக்கெட்டில் சட்டைப்பைக்குள் அடங்குகிறது. முதுகு ஒடியும் வேலை, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், தலைக்கு மேல் கடன். இதற்கெல்லாம் ஒரு ராத்திரி மறதி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது மனிதனை மட்டும் குறைசொல்லி முடித்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

பணம் கொடுப்பீர்களா?

கையில் காசாகக் கொடுப்பது அபூர்வம். ஸ்கூல் பீஸைப் பள்ளியில் கட்டுவோம், வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுப்போம், மருந்தை மெடிக்கலில் வாங்கித் தருவோம். உங்களை நம்பாததால் இப்படிச் செய்யவில்லை. உங்கள் கையில் பணம் இருப்பது தெரிந்தால் வீட்டில் அடி விழும் என்று பெண்களே எங்களிடம் கேட்டுக்கொண்டதால் செய்கிறோம்.

அரசிடமிருந்து வர வேண்டியதை வாங்கிக் கொடுப்பதில்தான் இன்னும் அதிகம் நடக்கிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணுக்கு கர்நாடக அரசின் கிருஹலட்சுமி திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்; 2023 ஆகஸ்டில் தொடங்கியது. கணவர் பெயர் தலைவராக இருந்தால் அதை மாற்றுவதற்கு எங்கள் ஆள் கூட வருவார். பணம் போய்ச் சேரும் பாங்க் கணக்கின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும். தமிழ்நாட்டு ரேஷன் கார்டோடு இங்கே வந்தவர்கள், அது மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம்.

கடன் பெரிய தலைவலி. சங்கத்தில் வாங்கிய லோனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் பெண்கள் வீட்டுக்குப் போகவே பயப்படுகிறார்கள். வசூலுக்கு வருபவர்கள் வாசலில் உட்கார்ந்து அசிங்கமாகப் பேசுவதையும் மிரட்டுவதையும் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம், துணைக்கு வருகிறோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் முன் மட்டும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

குடித்துவிட்டு அடிக்கிறார். "பொறுத்துப் போ, ஜெபி" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். அடி வாங்கிக்கொண்டு இருப்பது சிலுவை சுமப்பது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களைச் சபைகள் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. அது தவறு, பாவம். மன்னிப்பது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் நடக்கட்டும், அவசரமில்லை. இன்று ராத்திரி நீங்களும் பிள்ளைகளும் எங்கே பாதுகாப்பாகத் தூங்குவது என்பதுதான் முதல் கேள்வி.

அவசரம் என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வாழும் வீட்டிலிருந்து உங்களை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை. கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவும் ஜீவனாம்சமும் கேட்கலாம். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், இரண்டு செட் துணி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான பக்கத்து வீட்டில் வைத்திருங்கள். குடியை விட்டால் அடியும் நின்றுவிடும் என்று நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சிலர் குடியை விட்ட பிறகும் அடிக்கிறார்கள்.

பதிமூன்று வயசுப் பையன் ஒயிட்னர் முகர்கிறான்.

அடித்தால் வீட்டை விட்டு ஓடிவிடுவான், ஓடினால் சிட்டி ஸ்டேஷன் பக்கம் இன்னும் மோசமான கூட்டத்தில் போய்ச் சேருவான். சிறுவர் உதவி எண் 1098-ல் கூப்பிடுங்கள், எங்களிடமும் வாருங்கள். சிறுவர்களுக்கு மது, போதைப்பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை சிறை. பையன் குற்றவாளி இல்லை. பெரிய பையன்கள் கஞ்சா, ஊசி என்று போயிருந்தால், தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எட்டு மாசம் தொடாமல் இருந்தார். திரும்ப ஆரம்பித்துவிட்டார். இனி என்ன இருக்கிறது?

அந்த எட்டு மாசம் இருக்கிறது, அது எங்கும் போகவில்லை. இந்த நோயில் திரும்ப விழுவது சாதாரணமாக நடப்பது. டாக்டர்கள் அதை எதிர்பார்த்தே சிகிச்சையை வகுக்கிறார்கள். சபையில்தான் "பின்மாறிப் போய்விட்டான்" என்று பேசி ஒதுக்குகிறோம். அதனாலேயே விழுந்தவர் வெட்கப்பட்டு இன்னும் ஆழமாகப் போகிறார். முதல் நாளே, முதல் கிளாசோடு வந்துவிட்டால் மீள்வது சுலபம். வாசம் அடித்தாலும் பரவாயில்லை, வரச் சொல்லுங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் புதிதாகக் குடியை விட்டவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பதில்லை. கை தட்டி, போட்டோ எடுத்து, பேஸ்புக்கில் போட்டுவிட்டால் அவர் அப்புறம் தடுக்கி விழும்போது யாரிடமும் சொல்ல முடியாமல் ஆகிவிடும். அவருக்கு நாலைந்து வருஷம் கழித்துச் சொல்லத் தோன்றினால் சொல்லட்டும்.

ஏஏ கூட்டம் என்கிறார்களே, அதுவும் உங்களுடையதா?

இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல, சர்ச் ஹாலில் கூட்டம் நடப்பதைப் பார்த்து அப்படி நினைத்துவிடுகிறார்கள். சந்தா இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் உண்டு. போகச் சொல்கிறோம், ஏனென்றால் ராத்திரி பதினோரு மணிக்கு ஆசை வந்து தவிப்பவருக்கு எங்களைவிட, அதே தவிப்பைக் கடந்த இன்னொருவர் போனில் சொல்லும் வார்த்தை வேலை செய்கிறது.

பெண்களுக்கும் இந்த உதவி உண்டா?

உண்டு. குடிக்கும் பெண்கள் ஆண்களைவிட மறைக்கிறார்கள், அதனால் தாமதமாக வருகிறார்கள். எங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் மட்டும் பேசலாம். புகையிலை, குட்கா அடக்கும் பழக்கத்துக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

உங்களோடு வேலை செய்ய வரலாமா?

வாருங்கள். பிரசங்கம் தெரிய வேண்டாம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களுக்கு ரொம்ப வேண்டும். அரசு அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். கேட்டதை வெளியே சொல்லாத வாய் வேண்டும். சபையில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் கதை பரவுவதை நாங்கள் அனுமதிப்பதில்லை. முதல் சில மாதங்கள் பழைய ஆள் ஒருவரோடு சேர்ந்தே வீடுகளுக்குப் போவீர்கள். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் தனியாகப் போவதில்லை.

சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம். ஒரு பாட்டில் தண்ணீர், மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு. மாற்றுச் சட்டை ஒன்று, வாந்தி எடுத்தால் தேவைப்படும். போகும் வழியில் கை நடுக்கம் தாங்காமல் அவர் கொஞ்சம் குடித்துவிட்டு வந்தாலும் சண்டை போட்டுத் திரும்பிவிடாதீர்கள், டாக்டரிடம் உள்ளதைச் சொன்னால் போதும். சீக்கிரம் கிளம்புங்கள், டோக்கன் வரிசை நீளம். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் எங்களுக்குத் தகவல் சொன்னால் எங்களில் ஒருவர் காலையில் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே கூட வருவார்.